குருவி டிராக்டரின் முன் சக்கரங்கள்

வேளாண் இயந்திர வாடகை மையத்தில் நான் ஓய்வு பெற இரண்டு வாரம் இருக்கும்போது புது டிராக்டர் ஒன்று வந்து இறங்கியது. இருக்கைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு வளைவுக் கம்பி. வேப்ப மரத்தடியில் நிறுத்தினால் கிளையில் இடிக்கிறது என்று எங்கள் ஓட்டுநர்கள் இரண்டு பேரும் ஸ்பேனரோடு அதைக் கழற்றப் போனார்கள். வேண்டாம் என்றேன்.

"எதுக்குக்கா இது? வெயிலுக்கு நிழலும் தரல, மழைக்கும் மறைக்கல" என்றான் ஒருவன்.

"வண்டி பின்பக்கமா மல்லாந்தா ஆளு நசுங்காம இருக்கிறதுக்கு" என்றேன்.

"டிராக்டர் எங்கயாச்சும் மல்லாருமா?" என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் நானும் சிரித்தவள்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில். அப்பா காலத்தில் கூலிக்கு உழுத குடும்பம். என் காலத்தில் தீக்குச்சி அடுக்கிய குடும்பம். கல்யாணமாகி, பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வரை தீப்பெட்டி ஆபீஸில்தான் இருந்தேன். நாங்கள் கையால் செய்த வேலைக்கு மெஷின் வந்ததும் பாதிப் பேரை நிறுத்தினார்கள். ஆமத்தூர் ரோட்டில் ஒரு பட்டறையில் கூட்டிப் பெருக்கவும் பெயிண்ட் அடிக்கவும் ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்து அங்கே போனேன். இரண்டாயிரம் பிறந்து இரண்டாவது வருடம் அது.

பட்டறை தங்கவேல் அண்ணாச்சியுடையது. சிவகாசியில் அச்சகம் நடத்துகிற குடும்பம். காலண்டர் ஆர்டர் பிடிப்பதிலோ பட்டாசு லேபிள் விற்பதிலோ அவருக்கு மனம் போகவில்லை. அச்சு மெஷினைத் திறந்து பார்ப்பதில்தான் சின்ன வயதிலிருந்தே ஆசையாம். ஆமத்தூருக்குப் பக்கத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் இருந்தது. அதில் பருத்தி போட்ட வருடம் களை மண்டிப் பயிரை மூடிவிட்டது. எடுக்க ஆள் இல்லை. விடிந்தும் விடியாமலும் பட்டாசு செய்கிற வெடி ஆபீஸின் வேன் வந்து ஊரில் உள்ள ஆண், பெண் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். பெரிய டிராக்டரைப் பருத்திக்குள் இறக்க முடியாது. இரண்டு வரிசைச் செடிக்கு நடுவே ஓர் ஆடு போகிற அகலம்தான் இருக்கும்.

அந்த அகலத்தில் போகிற ஒரு டிராக்டரைத் தானே செய்வது என்று அண்ணாச்சி உட்கார்ந்தார். கிணற்று மோட்டாருக்குப் போடுகிற டீசல் இன்ஜின். உடைக்கப் போட்டிருந்த சரக்கு வேனின் கியர் பெட்டி. மற்றதெல்லாம் பட்டறையில் வெட்டி, வளைத்து, ஒட்டியது. முதல் வண்டி ஓட இரண்டு வருடம் ஆனதாம். ஆமத்தூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, "இது டிராக்டரா, டிராக்டர் போட்ட குஞ்சா? குருவி மாதிரி இருக்கு" என்று கேலி பேசினார்கள். அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. அடுத்த நாளே பெயிண்டரைக் கூப்பிட்டு வண்டியின் நெற்றியில் 'குருவி' என்று எழுதச் சொல்லிவிட்டார். அதுவே கம்பெனியின் பெயராகவும் ஆனது.

நான் சேர்ந்து நாலு மாதம் இருக்கும். ஒருநாள் அண்ணாச்சி பட்டறைக்குள் வந்து, "இங்கன அம்பது கிலோவுக்கு உள்ள யாரு இருக்கா?" என்று கேட்டார். பேப்பர் பண்டல் நிறுக்கிற தராசு ஒன்று அச்சகத்திலிருந்து வந்திருந்தது. அதில் ஒவ்வொருவராக ஏறி நின்றோம். கடைசல் மெஷின் பார்க்கிற சுடலை அண்ணன் ஏறியபோது முள் தொண்ணூற்றைத் தாண்டிப் போய் எல்லாரும் சிரித்தோம். நான் ஏறினேன். நாற்பத்து நாலு.

"நீதான் இனி வண்டிய ஓட்டிப் பாக்கணும்" என்றார்.

"அண்ணாச்சி, எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

"தெரிஞ்சவன் தனக்குத் தோதா ஓட்டிருவான். தெரியாத ஆளுதான் வண்டியில என்ன குறைன்னு சொல்லும். நம்ம ஊருல ஆம்பள எல்லாம் வெடி ஆபீசுக்குப் போயிட்டான். பொம்பள ஓட்ட முடியாத வண்டியச் செஞ்சு யாருக்கு விக்கிறது?"

இப்படித்தான் நான் டிராக்டர் சோதனைக்காரி ஆனேன். மூன்று மாதம் பட்டறை முற்றத்திலேயே சுற்றினேன். சுவரில் இரண்டு தடவை இடித்தேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சோதனை எப்படி நடக்கும் என்பதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு வண்டி முடிந்ததும் அதன் நம்பரை ஒரு ரிஜிஸ்டரில் நான் எழுதுவேன். முதலில் எண்ணெய், தண்ணீர். பிறகு கிளட்ச் மிதியைக் கையால் அமுக்கிப் பார்ப்பேன். மூன்று விரல் தடிமனுக்குத் தளர்ச்சி இருக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அப்புறம் முற்றத்தில் இருபது சுற்று. அதன்பிறகுதான் செடிச் சோதனை. பின்பக்கத்துப் பொட்டலில் பருத்தி வரிசை மாதிரி அளவெடுத்துக் குச்சி நட்டு, குச்சி நுனியில் அச்சகத்துக் கழிவு லேபிள் காகிதத்தைச் சுற்றியிருப்போம். தூரத்திலிருந்து பார்த்தால் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்த தோட்டம் மாதிரி இருக்கும். களைக் கலப்பையோடு அதற்குள் போய்த் திரும்ப வேண்டும். ஒரு குச்சி சாய்ந்தாலும் வண்டி பட்டறைக்குத் திரும்பிவிடும். கடைசியாக ஆனைக்குட்டம் அணைக்குக் கொண்டு போய், தண்ணீர் வற்றிய பக்கம் கரைச்சரிவில் பாரத்தோடு ஏற்றி இறக்குவேன். இத்தனைக்கும் ரிஜிஸ்டரில் தனித்தனிக் கட்டம் உண்டு. கட்டத்தில் டிக் அடித்துக் கடைசியில் என் பெயரை எழுத வேண்டும்.

அண்ணாச்சி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஏதாவது தப்பாகிவிட்டால் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அவசரம் இல்லை என்று அர்த்தம். பிறகு கேட்பார்: "நீ என்ன நினைச்சேன்னு கேக்கல தாயி. என்ன பாத்தே? அத மட்டும் சொல்லு." நாங்கள் காரணம் சொல்லத் தொடங்கினால் கை உயர்த்தி நிறுத்திவிடுவார். "காரணம் அப்புறம். முதல்ல கண்ணு."

மூன்று வருடத்தில் நாற்பத்து மூன்று வண்டிகள் விற்றோம். பட்டறையில் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தோம். கணக்கு, ஆர்டர் எல்லாம் அண்ணாச்சியின் மைத்துனர் ராஜசேகர் பார்த்துக்கொண்டார். புரட்டாசியில் விதைப்பு நெருங்கும்போது ஊர் ஊராக வண்டியை ஓட்டிக் காட்டுவோம். சேலை கட்டிய பொம்பளை ஓட்டுகிறாள் என்பதற்காகவே கூட்டம் கூடும். நானும் அதில் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன்.

அப்படி ஒரு சீசனில்தான் அது நடந்தது. ஆமத்தூருக்கு மேற்கே குருசாமி என்று ஒரு விவசாயி. எங்கள் முப்பத்தெட்டாம் நம்பர் வண்டியை வாங்கியிருந்தார். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. வரப்பு ஓரம் மண்டிக் கிடந்த சீமைக் கருவேல மரத்தை வெட்டிவிட்டு, அடிக்கட்டையைப் பிடுங்க வண்டியில் சங்கிலி கட்டி இழுத்திருக்கிறார். கட்டை அசையவில்லை. முன் சக்கரம் இரண்டும் மேலே தூக்கி, வண்டி அப்படியே பின்பக்கமாக மல்லாந்துவிட்டது. குருசாமியின் இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது. உயிர் தப்பியது. மதுரை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

மறுநாள் காலை ராஜசேகர் என்னைத் தனியாக அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ரிஜிஸ்டர் திறந்திருந்தது. முப்பத்தெட்டாம் நம்பர் பக்கம். எல்லாக் கட்டத்திலும் டிக். கீழே என் பெயர்.

"எல்லாம் சரியா இருக்கு. போலீஸ் வந்து கேட்டாலும் இதக் காட்டினாப் போதும். சங்கிலி கட்டுறதுக்குக் கீழ கொக்கி இருக்கு. அத விட்டுட்டு அந்தாளு சீட்டுக்கு அடியில இருக்கிற குறுக்குக் கம்பியில கட்டியிருக்காரு. நம்ம தப்பு ஒண்ணும் இல்ல. உன்கிட்ட யாரு கேட்டாலும் இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத. பன்னிரண்டு குடும்பம்மா, யோசிச்சுக்கோ."

அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். நானும்தான்.

எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அதற்கு முந்தைய வருடம் ஆனைக்குட்டம் கரையில் ஒரு வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது சுடலை அண்ணன் விளையாட்டாகப் பின்னால் அந்தக் குறுக்குக் கம்பியில் ஏறி நின்றார். சரிவில் ஏறும்போது ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் போனது. எட்டிப் பார்த்தால் முன் சக்கரம் தரையில் பட்டும் படாமலும் துள்ளிக்கொண்டிருந்தது. "இறங்குண்ணே, குதிரை மாதிரி எந்திரிக்குது" என்று சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே குதித்துவிட்டார். ரிஜிஸ்டரில் எழுதவில்லை. அதற்கென்று கட்டம் இல்லை என்று அன்றைக்கு என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ராஜசேகரிடம் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன். பெயிண்ட் டப்பாவைத் திறந்து ஒரு மட்கார்டுக்கு அடிக்க ஆரம்பித்தேன். அடிக்க அடிக்க என் அக்கா நினைவுதான் வந்தது. அக்கா ஒரு வெடி ஆபீஸில் மருந்து அடைக்கிற வேலையில் இருந்தாள். ஒருநாள் தீப்பற்றி வலது கை வெந்துபோனது. பார்க்க வந்த ஃபோர்மேன் எங்கள் அம்மாவிடம், "அவ கொஞ்சம் அசால்ட்டா இருந்துட்டாம்மா" என்றார். அதற்கப்புறம் ஊரே அதைச் சொன்னது. கடைசியில் அக்காவும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவள் கை ஆறிவிட்டது. அந்தச் சொல் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு அண்ணாச்சியைத் தேடிப் போனேன். லாரியில் கொண்டுவந்து இறக்கிய முப்பத்தெட்டாம் நம்பர் வண்டிக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஆனைக்குட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார்.

"சக்கரம் எம்புட்டு உயரம் தூக்குச்சு?"

"நாலு விரல் இருக்கும் அண்ணாச்சி."

"சுடலை எங்க நின்னான்? சரியா காட்டு."

காட்டினேன்.

"ஏன் எழுதல?"

"எழுதக் கட்டம் இல்ல."

"கட்டம் போட்டவன் நான்தான்" என்றார். "நாளைக்குக் காலையில எல்லாரையும் முற்றத்துக்கு வரச் சொல்லு."

மறுநாள் நடந்தது இன்றைக்கும் எனக்கு அப்படியே மனதில் இருக்கிறது. முற்றத்தில் பழைய பனைமரத்தின் அடிக்கட்டை ஒன்று ஆழமாக ஊன்றி நின்றது. புதிதாகச் செய்த ஒரு குருவியை அதற்கு முன்னால் நிறுத்தி, குறுக்குக் கம்பியில் சங்கிலியைக் கட்டிக் கட்டையோடு பிணைத்தோம். வண்டியின் மூக்கில் இன்னொரு சங்கிலியைப் போட்டு, தரையில் அடித்த இரும்பு முளையில் ஒரு முழம் தளர விட்டுக் கட்டினோம். முன்பக்கம் அதற்கு மேல் எழும்ப முடியாது. இருக்கையில் ஆளை உட்கார வைக்க அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. சாக்கில் மணல் நிரப்பித் தராசில் நிறுத்தினோம். முதலில் நாற்பத்து நாலு கிலோ. அதாவது நான். கிளட்ச் மிதியைக் கயிற்றால் இழுத்துப் பிடித்து, முதல் கியரில் போட்டு, தள்ளி நின்று கயிற்றை விட்டோம். பின் சக்கரம் இரண்டும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வழுக்கிச் சுற்றின. முன் சக்கரம் லேசாக நடுங்கியது. அவ்வளவுதான்.

அடுத்தது தொண்ணூறு கிலோ. அதாவது குருசாமி. கயிற்றை விட்டோம். இந்தத் தடவை பின் சக்கரம் வழுக்கவில்லை. மண்ணைக் கவ்விப் பிடித்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் வண்டி முன்னங்காலைத் தூக்கி நின்றது. மூக்குச் சங்கிலி விண்ணென்று இழுத்துப் பிடித்ததில் இன்ஜின் இருமி அணைந்தது. சுடலை அண்ணன், "அடி ஆத்தீ" என்றார்.

இருக்கை பின் சக்கர அச்சுக்கும் பின்னால் தள்ளி இருந்தது. ஆள் கனம் கூடக்கூட மூக்கு லேசாகும். சங்கிலி அச்சுக்கு மேலே கட்டப்பட்டால் இழுக்கிற ஒவ்வோர் இழுப்பும் வண்டியைப் பின்னால்தான் சாய்க்கும். நான் எடை குறைந்தவள் என்பதால்தான் அத்தனை சோதனையிலும் வண்டி நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. எந்தக் காரணத்துக்காக என்னைத் தேர்ந்தெடுத்தாரோ அதே காரணம்தான் குறையை மறைத்திருந்தது.

ராஜசேகர் மெதுவாகச் சொன்னார்: "மாமா, கீழ கொக்கி இருக்குல்ல. அதுல கட்டியிருந்தா இப்படி ஆகாது. மேல கட்டினது அவரு தப்புதான்."

"அந்தக் கொக்கி எங்க இருக்குன்னு பாரு. களைக் கலப்பைய மாட்டிட்டாக் கை நுழையாது. மேல இருக்கிற கம்பி கைக்குத் தோதா இருக்கு. கட்டத் தோதா ஒரு கம்பிய நானே வச்சுட்டு, அங்கன கட்டாதன்னா யாரு கேப்பாக?"

அன்று மத்தியானமே அண்ணாச்சி மதுரைக்குக் கிளம்பினார். என்னையும் வரச் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே குருசாமியின் மனைவி செல்லத்தாய் எங்களை மறித்துக்கொண்டு நின்றாள். "இன்னும் எதப் பாக்க வந்தீக? கால எடுத்தாச்சு. போங்க" என்றாள். அண்ணாச்சி அங்கேயே சுவரோரம் நின்றார். நாலு மணிக்கு உள்ளே படுத்திருந்த குருசாமியே எங்களை உள்ளே வர விடச் சொன்னார்.

குருசாமிதான் முதலில் பேசினார். "நான்தான் அண்ணாச்சி சங்கிலிய மாத்திக் கட்டிட்டேன். கொஞ்சம் அசால்ட்டா இருந்துட்டேன்."

எனக்கு அக்காவின் குரலைக் கேட்டது போல் இருந்தது.

"இல்ல" என்றார் அண்ணாச்சி. "நேத்து வரைக்கும் எனக்கும் தெரியாது. இன்னைக்குச் செஞ்சு பாத்துட்டேன். நீங்க எங்க கட்டினாலும் கவுறாத மாதிரி நான் செஞ்சிருக்கணும். செய்யல. தப்பு என்னோடது. போலீஸ்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

செல்லத்தாய் அப்போதுதான் அழுதாள். அதுவரை அழவில்லை.

அதன்பிறகு புது வண்டி செய்வதை நிறுத்தினோம். விற்ற வண்டி ஒவ்வொன்றையும் தேடிப் போய்த் திருத்துவது என்று முடிவு. சின்ன லாரியில் ஜெனரேட்டர், வெல்டிங் செட்டை ஏற்றிக்கொண்டு அண்ணாச்சி, சுடலை அண்ணன், நான் மூன்று பேரும் போவோம். குறுக்குக் கம்பியை அறுத்து எடுத்துவிட்டு, கொக்கியைக் கை எட்டுகிற இடத்தில் அச்சுக்குக் கீழாக வைப்போம். இருக்கையை ஒரு சாண் முன்னால் தள்ளுவோம். மூக்கில் இரும்புக் கட்டி மாட்டுவோம். இருக்கைக்குப் பின்னால் தடித்த குழாயை வளைத்து நிறுத்துவோம். வாடகை மைய ஓட்டுநர்கள் கழற்றப் போன அந்த வளைவுக் கம்பி இதுதான். அன்றைக்கு இந்தப் பக்கத்தில் எந்த டிராக்டரிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

எல்லாரும் எங்களை வரவேற்றார்கள் என்று சொல்ல மாட்டேன். "ஓடுற வண்டியில எதுக்குக் கைய வைக்கிறீக?" என்று சண்டை பிடித்தவர்கள் உண்டு. "அப்ப இம்புட்டு நாளும் எங்களச் சாகத்தான் வித்தீகளா?" என்று கேட்டவரும் உண்டு. அண்ணாச்சி இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "ஆமா, எனக்குத் தெரியாமப் போச்சு. இப்பத் தெரியும். அரை நாள் வண்டியக் குடுங்க."

முப்பத்தொன்றாவது வண்டி ஆனைக்குட்டம் பக்கம் ஒரு விவசாயியிடம் இருந்தது. அண்ணாச்சி குனிந்து பார்த்தார். குறுக்குக் கம்பியைக் காணோம்.

"இங்கன ஒரு கம்பி இருந்துச்சே?"

"அறுத்துட்டேன் அண்ணாச்சி. வாங்கின மாசமே."

கீழே அவரே ஒரு கொக்கி அடித்து மாட்டியிருந்தார், எங்கள் கொக்கியை விடத் தாழ்வாக, அச்சுக்குச் சற்று முன்னால். மூக்கில் உடைந்த ஆட்டுக்கல் ஒன்றைச் சங்கிலி சுற்றிக் கட்டியிருந்தார்.

"யாரு சொன்னது உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? மாட்டு வண்டியில பின்பாரம் ஏறினா நுகத்தடி மேல தூக்கி மாட்டோட கழுத்த இறுக்கும்ல. இதுவும் வண்டிதானே. மொத நாளே மூக்கு லேசா இருக்குன்னு பட்டுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமே."

அவர் கூச்சமாகச் சிரித்தார். "நீங்க மெஷினே கண்டுபிடிச்சவுக. உங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல? வித்த பிற்பாடு நீங்களும் வந்து எப்படி இருக்குன்னு கேக்கலயே."

அண்ணாச்சி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு ஒரு சாக்பீஸை எடுத்து, லாரியின் பலகையில் அந்தக் கொக்கியை அளவெடுத்து வரைந்துகொண்டார். எங்கள் கொக்கியை விட அது நல்ல கொக்கி. மீதி வண்டிகளுக்கு அதையே போட்டோம். அதோடு நிற்கவில்லை. முதல் முப்பது வண்டிக்கும் திரும்பப் போய் மாற்ற வேண்டும் என்றார். சுடலை அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்: "அண்ணாச்சி, அவுக நம்மளக் கல்லக் கொண்டு எறியப் போறாக." யாரும் எறியவில்லை. ஒரு வீட்டில் மட்டும் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

எல்லாம் முடியப் பத்து மாதமானது. அதற்குள் கம்பெனியின் மேல் இருந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது. குருவி கவிழும் என்ற பேச்சு போன இடமெல்லாம், அது திருத்தப்பட்டது என்ற பேச்சு போகவில்லை. பெரிய கம்பெனிகளின் சின்ன டிராக்டர்களும் விருதுநகர் ஷோரூமில் வந்து நின்றன. கடன் ஏற்பாட்டோடு கொடுத்தார்கள். எங்களுக்கு ஆர்டர் குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போனது. ராஜசேகர் அச்சகத்துக்கே திரும்பினார். போகிற அன்று என்னைப் பார்த்து, கோபமில்லாமல்தான் சொன்னார்: "நீ அன்னைக்குச் சொல்லாம இருந்திருந்தா, இந்தக் கம்பெனி நின்னிருக்கும் முத்துலட்சுமி."

அவர் சொன்னது பொய் இல்லை. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் வெடி ஆபீஸ் வேனில் மறுபடி ஏறினார்கள். அதில் இரண்டு பேர் பல வருடம் என்னிடம் பேசவில்லை. வேறு மாதிரி செய்திருக்கலாமோ என்று யோசித்த நாட்கள் உண்டு. வேறு மாதிரி செய்திருந்தால் எப்படி இருந்திருப்பேன் என்று யோசித்ததும் உண்டு. இரண்டாவது யோசனைதான் தாங்க முடியாததாக இருந்தது.

பட்டறையைப் பூட்டுவதற்கு முன் அண்ணாச்சி கடைசியாக ஒரு வண்டி செய்தார். அதற்கு ஆர்டர் இல்லை. குருசாமிக்குப் போனது இடது கால். கிளட்ச் மிதிக்கிற கால். செயற்கைக்கால் மாட்டி நடக்கப் பழகிவிட்டார், ஆனால் மிதியின் அழுத்தம் அந்தக் காலுக்குத் தெரியாது. ஆகவே கிளட்ச்சைக் கைக்குக் கொண்டுவருவது என்று அண்ணாச்சி முடிவு செய்தார். இடது பக்கம் ஒரு நெம்புகோல். பழைய அச்சு மெஷினின் கைப்பிடியிலிருந்து செய்தது. இழுத்தால் கிளட்ச் விடும். மெல்லத் தளர்த்தினால் பிடிக்கும். ஐந்து தடவை செய்து ஐந்து தடவை கழற்றினார். ஆறாவது நன்றாக வந்தது.

அதைச் சோதித்ததும் நான்தான். இடது காலை மடக்கி இருக்கையோடு துணியால் கட்டிக்கொண்டேன். குருசாமியின் எடை வருகிற அளவுக்கு மணல் மூட்டையை இருக்கையில் என்னோடு சேர்த்துப் பிணைத்தார்கள். முற்றம், குச்சித் தோட்டம், கரைச்சரிவு எல்லாம் போய் வந்தேன். பனங்கட்டையில் கட்டியும் இழுத்தேன். பின் சக்கரம் குழி பறித்ததே தவிர மூக்கு தரையை விட்டு எழும்பவில்லை.

வண்டியைக் குருசாமியின் நிலத்துக்குக் கொண்டு போனோம். அவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேணாம் அண்ணாச்சி. பாக்கவே உடம்பு நடுங்குது. கொண்டு போயிருங்க."

"சரி. இங்கன நிக்கட்டும். வேணாம்னா ஒரு மாசம் கழிச்சு எடுத்துக்கிறேன்" என்றார் அண்ணாச்சி.

மாதம் முடிவதற்கு முன்பே செல்லத்தாயிடமிருந்து ஆள் வந்தது. தினமும் காலையில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார், துடைக்கிறார், ஆனால் ஏறவில்லை என்று. மறுநாள் அண்ணாச்சியும் நானும் போனோம். ஒரு மழை பெய்து, மண் உழவுக்குப் பதமாக இருந்தது. குருசாமி எங்களைப் பார்த்ததும் செயற்கைக்காலைக் கையால் தூக்கி வைத்து ஏறி உட்கார்ந்தார். இன்ஜினைக் கிளப்பினார். அப்படியே உட்கார்ந்திருந்தார். வியர்வை காதோரம் ஒழுகிக்கொண்டிருந்தது.

செல்லத்தாய் மட்கார்டைப் பிடித்துக்கொண்டாள். "இறங்கிருங்க. நமக்கு வேணாம்."

"கைய எடு" என்றார் குருசாமி.

அவள் எடுக்கவில்லை. நான் போய் அவள் கையைப் பிடித்து விலக்கினேன்.

குருசாமி நெம்புகோலைத் தளர்த்தினார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு நகர்ந்தது. முதல் உழவுச் சால் பாம்பு போல வளைந்து போனது. அந்தக் கோடியில் வண்டியை நிறுத்தி வெகுநேரம் நின்றார். பிறகு திருப்பினார். இரண்டாவது சால் ஓரளவு நேராக வந்தது. எங்கள் பக்கம் வந்ததும் இறங்குவார் என்று மூன்று பேரும் இரண்டடி முன்னால் போனோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. மூன்றாவது சாலுக்குத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பிறகு நாலாவது.

செல்லத்தாய் தூக்குவாளியில் காப்பி கொண்டுவந்திருந்தாள். டம்ளரில் ஊற்றி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"காப்பி ஆறிப் போகுது. அவுகளக் கூப்பிடுங்க அண்ணாச்சி" என்றாள்.

"ஆறட்டும் தாயி" என்றார் அண்ணாச்சி.

யாரும் கூப்பிடவில்லை. நிலம் முழுவதையும் உழுது முடித்துவிட்டுத்தான் குருசாமி அன்று இறங்கினார்.